கையும் பத்திரமும்

வதரிங் ஹைட்ஸ் வீட்டுக்குப் பாடம் சொல்லித்தர வரும் பாதிரியாரை இரண்டு முறை தடுக்கிறார்கள். முதல் முறை தடுப்பவன் ஹிண்ட்லி எர்ன்ஷா. அப்பா இறந்து வீடு தன் கைக்கு வந்ததும், அப்பா எங்கிருந்தோ தூக்கி வந்து வளர்த்த ஹீத்கிளிஃப்புக்கு இனி பாடம் கிடையாது என்று சொல்லி அவனை வயல் வேலைக்கு விரட்டுகிறான். சில ஆண்டுகள் போகின்றன. ஹிண்ட்லியின் சொந்த மகன் ஹேர்ட்டன் எழுத்துப் படிக்கும் வயதுக்கு வருகிறான். இம்முறை வாசலை மறிப்பவன் ஹீத்கிளிஃப். பாதிரியார் படியேறினால் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பதாக ஹீத்கிளிஃப் சொல்லியிருக்கிறான் என்று, அந்தச் சின்னப் பையனே பெருமையாகக் கதை சொல்லும் வேலைக்காரி நெல்லியிடம் சொல்கிறான்.

எமிலி பிராண்டே எழுதிய ஒரே நாவல் ‘வதரிங் ஹைட்ஸ்’. 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. உலகம் இதைப் பெரும்பாலும் காதல் கதையாகவே கொண்டாடி வந்திருக்கிறது. 1939-இல் வில்லியம் வைலர் எடுத்த படம் ஹிண்ட்லியின் தங்கை கேத்தரின், ஹீத்கிளிஃப் ஆகியோரின் தலைமுறையோடு நின்றுகொண்டது. பிள்ளைகளின் கதையே அதில் இல்லை. 1966-இல் திலீப் குமார் நடித்த ‘தில் தியா தர்த் லியா’வும் இதே நாவலிலிருந்து பிறந்த படம்தான். காதல் நாவலில் இருக்கிறது. அதன் வேகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த நாவல் இரவும் பகலும் யோசித்திருப்பது வேறொன்றை: ஒரு வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரை எதை வைத்துக் கீழே அமுக்குகிறார்? அதனால் காதலர்களைச் சற்று விலக்கி வைத்துவிட்டு, அந்த வீட்டின் இரண்டு எஜமானர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஹிண்ட்லி அடித்தான், ஹீத்கிளிஃப் எழுதி வாங்கினான். அடி ஒரு மனிதனை முறுக்கியது. எழுத்து இரண்டு குடும்பங்களையும் ஒரு தலைமுறையையும் விழுங்கப் பார்த்தது.

1771-ஆம் ஆண்டு, அறுவடை தொடங்கும் காலம். யார்க்ஷயர் மேட்டுநிலத்துப் பண்ணையிலிருந்து பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போகிறார். போக 60 மைல், வர 60 மைல். பதினான்கு வயது ஹிண்ட்லி பிடில் கேட்டிருக்கிறான். ஆறு வயதுகூட நிரம்பாத கேத்தரின் சவுக்கு கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் இரவு திரும்பியவரின் கோட்டுக்குள்ளே அழுக்கும் கந்தலுமாக, கரிய முடியோடு ஒரு பிள்ளை. பிடில் நொறுங்கிக் கிடக்கிறது. சவுக்கு வழியில் தொலைந்துவிட்டது. தெருவில் பட்டினி கிடந்தவனை விட்டுவர மனமில்லை என்கிறார்.

அன்றைய லிவர்பூல் அடிமை வணிகத்தின் பெரிய துறைமுகம். பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்தது 1807-இல்தான். பையன் எந்த ஊர், யார் பிள்ளை என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. வீட்டார் ஜிப்சி என்கிறார்கள். பக்கத்துப் பண்ணையின் பெரிய மனிதரும் மாஜிஸ்திரேட்டுமான லின்டன், லஸ்கர் பிள்ளையோ, அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ கரையொதுங்கிய அநாதையோ என்று ஊகிக்கிறார். லஸ்கர்கள் கீழை நாடுகளிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் கூலிக்குப் போன மாலுமிகள். இந்தியக் கடற்கரைகளிலிருந்து போனவர்கள் அவர்களில் ஏராளம். அந்த ஊகத்தின் ஓரத்தில் நம் மனிதர்களும் நிற்கிறார்கள் என்பதை இங்கிருந்து படிக்கும் ஒருவர் கவனிக்காமல் இருக்க முடியாது. எர்ன்ஷா குடும்பம் இறந்துபோன ஒரு மகனின் பெயரைப் பையனுக்கு வைக்கிறது. பெயரும் அதுவே, குடும்பப் பெயரும் அதுவே. எர்ன்ஷா என்ற பெயர் அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

பகை பெரியவர் உயிரோடு இருக்கும்போதே முற்றிவிட்டது. அவர் சந்தையில் இரண்டு குதிரைக் குட்டிகள் வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார். அழகான குட்டியை ஹீத்கிளிஃப் எடுத்துக்கொள்கிறான். அது நொண்ட ஆரம்பித்ததும் ஹிண்ட்லியிடம் போய் நிற்கிறான்: உன் குட்டியைக் கொடு, இல்லையென்றால் இந்த வாரம் மூன்று முறை நீ என்னை அடித்ததை உன் அப்பாவிடம் சொல்லி, தோள்வரை கறுத்துப்போன கையைக் காட்டுவேன். ஹிண்ட்லி இரும்பு எடைக்கல்லைத் தூக்கி அவன் மார்பில் எறிகிறான். விழுந்த பையன் தள்ளாடி எழுகிறான். முகம் வெளுத்துவிட்டது, மூச்சு வரவில்லை, ஆனால் அழவில்லை. கடைசியில் குட்டி கைமாறுகிறது. போகிற போக்கில் ஹிண்ட்லி அவனைக் குதிரையின் காலடியில் தள்ளியும் விடுகிறான். காயங்களுக்குக் குதிரைமேல் பழிபோடலாம் என்று நெல்லி சொன்னபோது பையன் எந்தத் தகராறும் செய்யவில்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இருவரும் பிறகு எப்படி ஆளப்போகிறார்கள் என்பது இந்தச் சின்னக் காட்சியில் முழுமையாக இருக்கிறது. ஹிண்ட்லிக்குக் கை முந்திக்கொள்கிறது. ஹீத்கிளிஃப் அடியைப் பொறுத்துக்கொண்டு, அதைச் சாட்சியமாக்கி, சாட்சியத்தைக் காட்டிப் பொருளை வாங்கிவிடுகிறான். திருப்பி அடிக்க வலுவில்லாத சிறுவன் மேலே இருப்பவரின் தயவைத்தான் ஆயுதமாக்க முடியும்; அதற்காக அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பின்னால் இரண்டு பண்ணைகளை வளைத்த முறை அந்தக் குதிரை லாயத்தில் கற்றதுதான்.

1777 அக்டோபரில் பெரியவர் இறக்கிறார். இருபது வயது ஹிண்ட்லி கல்லூரியிலிருந்து மனைவியோடு திரும்பி வந்து வீட்டின் தலைவனாகிறான். அதற்காக அவன் எதையும் சம்பாதிக்கவோ ஏமாற்றவோ தேவையிருக்கவில்லை. உயிரோடு எஞ்சிய ஒரே ஆண்பிள்ளை அவன், அவ்வளவுதான். அப்படிச் சும்மா வந்த அதிகாரத்தை அவன் சும்மாவே இறைக்கிறான். ஹீத்கிளிஃப் வேலைக்காரர்களோடு இருக்க வேண்டும், பண்ணையாட்களைப்போல உழைக்க வேண்டும். மாதா கோயிலுக்கு வராவிட்டால் ஹீத்கிளிஃப்புக்குச் சவுக்கடி, கேத்தரினுக்குச் சாப்பாடு கிடையாது. கிறிஸ்துமஸ் விருந்தில் மாஜிஸ்திரேட் லின்டனின் மகன் எட்கர் ஹீத்கிளிஃப்பின் தலைமுடியைப் பற்றி ஏதோ சொல்ல, அவன் சூடான ஆப்பிள் கூழை எட்கர்மேல் எறிகிறான். ஹிண்ட்லி அவனை இழுத்துக்கொண்டுபோய் அடித்துப் பூட்டிவைக்கிறான். அன்றிரவு அடுப்பங்கரையில் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, ஹிண்ட்லிக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசிப்பதாகப் பையன் நெல்லியிடம் சொல்கிறான். எவ்வளவு காலமானாலும் காத்திருப்பானாம். அதற்குள் அவன் செத்துவிடக் கூடாது என்பதுதான் கவலையாம்.

ஹிண்ட்லியின் கொடுமையில் வஞ்சம் உண்டு, திட்டம் கிடையாது. தனக்கு வரவேண்டிய தகப்பனின் பாசத்தை இவன் பறித்துக்கொண்டான் என்ற சிறுவயதுக் காயம் அவனுக்கு ஆறவே இல்லை. ஹீத்கிளிஃப் கண்ணெதிரே தாழ்ந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. 1778 ஜூனில் ஹேர்ட்டனைப் பெற்ற சில மாதங்களிலேயே மனைவி பிரான்சிஸ் காசநோயில் போய்விட, ஹிண்ட்லி குடியில் விழுகிறான். அவனுடைய அதிகாரம் அவனோடு சேர்ந்து தள்ளாடத் தொடங்குகிறது. ஒருநாள் வெறியில் சொந்தக் குழந்தையை மாடிப்படிக் கைப்பிடிக்கு அப்பால் தூக்கிப் பிடிக்கிறான். குழந்தை கை நழுவி விழுகிறது. கீழே வந்துகொண்டிருந்த ஹீத்கிளிஃப் யோசிக்காமல் ஏந்திக்கொள்கிறான். மேலே நிற்பது ஹிண்ட்லி என்று தெரிந்த அடுத்த நொடி, பழிதீர்க்கக் கிடைத்த வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்ட வேதனை அவன் முகத்தில் தெரிகிறது. பிற்பாடு அதே பிள்ளையை அவன் அழிக்கப் பார்த்தபோது கையை நம்பவில்லை. கை ஒருமுறை அவனை மீறி மனிதனாக நடந்துகொண்டுவிட்டது.

1780-இல் வீட்டைவிட்டு ஓடிப்போன ஹீத்கிளிஃப் 1783 செப்டம்பரில் திரும்பி வருகிறான். நிமிர்ந்த நடை, நல்ல உடை, கையில் பணம். பணம் எப்படி வந்தது என்று நாவல் சொல்வதில்லை. வதரிங் ஹைட்ஸில் அவனைத் தங்கச் சொல்பவன் ஹிண்ட்லியேதான்; சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டான், தோற்றதை மீட்க வேண்டும், வந்தவனிடம் பணம் இருக்கிறது. அதன் பிறகு நடப்பவை எல்லாம் கடனும் அடமானமுமாக, கண்ணியமான நடைமுறைகளாக நடக்கின்றன. 1784 செப்டம்பரில், 27 வயதில், ஹிண்ட்லி குடித்தே சாகிறான். அவன் நிலத்தில் ஒரு கஜம் விடாமல் அடமானத்தில் இருக்கிறது. அடமானம் பிடித்தவன் ஹீத்கிளிஃப். அந்த வட்டாரத்தின் முதல் குடும்பத்து வாரிசான ஆறு வயது ஹேர்ட்டன் தன் சொந்த வீட்டில் கூலியில்லாப் பண்ணையாள் ஆகிறான். தனக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. பையனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரே காற்று அடித்தால் இந்த மரமும் அந்த மரத்தைப்போலவே கோணி வளருமா என்று பார்க்கலாம் என்ற பொருள்படப் பேசுகிறான் ஹீத்கிளிஃப். தனக்கு நடந்ததை அவன் ஒரு செய்முறையாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926-இல் இந்த நாவலின் கட்டமைப்பைப் பற்றி ஒரு சிறு ஆய்வு எழுதினார். கதை நடக்கும் காலத்துச் சொத்துச் சட்டத்தையும் வாரிசுரிமையையும் எமிலி எவ்வளவு சரியாகக் கையாண்டிருக்கிறார் என்பதை அவர் எடுத்துக் காட்டியதும் வாசகர்களுக்கு வியப்பு. மேட்டுநிலத்துப் பாதிரியார் வீட்டில் முடங்கிக் கிடந்த பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. ஆனால் 1842-இல் பெரியம்மா விட்டுப்போன பணத்தை ரயில்வே பங்குகளில் போட்டு, சகோதரிகளின் பங்குக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர் எமிலிதான். காகிதத்தில் இருக்கும் பலம் அவருக்குத் தெரியும்.

அதனால்தான் ஹீத்கிளிஃப்பின் ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. எட்கரின் தங்கை இசபெல்லாவை அவன் காதலிக்கவில்லை. ஆண் வாரிசு இல்லாமல் எட்கர் இறந்தால் த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச் பண்ணை அவள் வழியாக இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிய இரவிலேயே அவளுடைய நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டிவிட்டுப் போகிறான். மணமான பின் அவளை வதைக்கிறான். எவ்வளவு வதைத்தாலும் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நிற்பதாகவும், பிரிந்துபோக உரிமை கேட்க அவளுக்கு ஒரு சாக்குகூடக் கொடுக்கவில்லை என்றும் நெல்லியிடம் அவனே விளக்குகிறான். எனக்கு இந்த நாவலின் மிகக் கொடிய இடம் இதுதான். பேயும் புயலும் கல்லறையும் வரும் பக்கங்களைவிட, எல்லை எங்கே இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு அதற்குள் நின்று ஒரு பெண்ணை நொறுக்குபவனின் நிதானம் நடுங்க வைக்கிறது. ஹிண்ட்லியால் இப்படி ஒரு வாக்கியம் பேசியிருக்க முடியாது. அவனிடம் சுருள்கத்தி பொருத்திய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஹீத்கிளிஃப்பைக் கொல்லவே வைத்திருந்தான். கொல்லப் போன இரவில் தன் ஆயுதத்தாலேயே கை கிழிந்து விழுந்தான்.

இசபெல்லா தப்பி லண்டன் பக்கம் போய், அங்கே மகனைப் பெற்று, பன்னிரண்டு பதிமூன்று ஆண்டுகள் வளர்த்துவிட்டு இறக்கிறாள். தங்கை மகனை எட்கர் அழைத்து வந்த மறுநாள் காலையே ஹீத்கிளிஃப் பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் செய்துவிடுகிறான். வளர்க்காத, பார்க்காத, வெறுக்கிற தகப்பன், ஆனாலும் தகப்பன். கதை நடக்கும் அந்தக் காலத்தில் பிள்ளைமேல் தாய்க்கு என்று சட்ட உரிமை எதுவும் கிடையாது. ஏழு வயதுக்குக் கீழான பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற அளவுக்குச் சட்டம் இறங்கி வந்ததே 1839-இல்தான்.

கடைசி வேலை இன்னும் துப்புரவானது. எட்கருக்கும் கேத்தரினுக்கும் பிறந்த மகள் கேத்தியை, அப்பா சாகக் கிடக்கும் நேரத்தில், வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாகப்போகும் தன் மகனுக்குக் கட்டிவைக்கிறான். மகளின் பணம் மருமகன் கைக்குப் போகாமல் அறக்கட்டளையாளர்கள் பொறுப்பில் வைக்க எட்கர் உயிலை மாற்ற நினைக்கிறார், ஆள் அனுப்புகிறார். வழக்கறிஞர் கிரீன் எட்கர் இறந்த பிறகே வருகிறார், ஏனென்றால் கிரீனை ஹீத்கிளிஃப் ஏற்கெனவே விலைக்கு வாங்கியிருந்தான். மணமானதும் கேத்தியின் அசையும் சொத்து கணவனுடையது. கணவன் அதைத் தன் தகப்பனுக்கு எழுதிவைத்துவிட்டுச் சாகிறான். நிலத்தை மைனர் எழுதிவைக்க முடியாது. ஆனாலும் ஹீத்கிளிஃப் அதையும் உரிமை கொண்டாடி வைத்துக்கொள்கிறான். பணமும் துணையும் இல்லாத கேத்தி எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? மகன் சாகும்போது வைத்தியரைக்கூட அவன் கூப்பிடவில்லை. கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

ஹீத்கிளிஃப்பின் கை சும்மா இருந்தது என்று சொல்ல வரவில்லை. பூட்டிவைத்த கேத்தியை இரண்டு கன்னத்திலும் அறைகிறான். இசபெல்லாமேல் கத்தியை வீசுகிறான். ஆனால் அந்த அடிகள் அவனுக்குச் சொத்தைச் சேர்த்துத் தரவில்லை. சேர்த்துத் தந்தவை அடமானமும் திருமணமும் தகப்பன் உரிமையும் உயிலும். இவற்றில் ஒன்றையும் அவன் கண்டுபிடிக்கவில்லை. நல்ல குடும்பங்கள் காலங்காலமாகத் தங்களைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தியவற்றையே எடுத்து அந்தக் குடும்பங்களின் மேல் திருப்பினான்.

இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஹிண்ட்லி தொடங்கியது பெயரோடும் நிலத்தோடும். ஹீத்கிளிஃப் தொடங்கியது கந்தலோடு. கிரேஞ்ச் ஜன்னலில் எட்டிப் பார்த்த இரவில் கேத்தரினையும் அவனையும் பிடிக்கிறார்கள். நாய் கடித்த கேத்தரினைச் சோபாவில் உட்காரவைத்துக் கால் கழுவி விடுகிறார்கள். அவனை, இந்த முகத்துக்காரன் வளர்ந்து குற்றம் செய்வதற்குள் தூக்கில் போடுவதே ஊருக்கு நல்லது என்கிற தோரணையில் பேசி, இருட்டில் வெளியே தள்ளுகிறார்கள். அப்படிப் பேசுபவர் மாஜிஸ்திரேட். நிறத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்ட ஊரில் ஹீத்கிளிஃப் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மறுபாதியில் நியாயம் இல்லை. ஹிண்ட்லி மிதித்தது ஒரு பையனை. அந்தப் பையன் வளர்ந்து மிதித்தவர்களில் ஹிண்ட்லியைத் தவிர மற்ற எல்லோரும் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். இசபெல்லா, கேத்தி, நோஞ்சான் மகன், ஹேர்ட்டன். அவர்களில் இருவர் பெண்கள், இருவர் பிள்ளைகள். கொடுங்கோலன் அடிமைகளை நசுக்கும்போது அவர்கள் அவன்மேல் பாய்வதில்லை, தங்களுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் நசுக்குகிறார்கள் என்று கேத்தரினிடம் ஹீத்கிளிஃப்பே ஒருமுறை சொல்கிறான். தன்னைப்பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவன் அதையே செய்தான் என்பதால், பட்ட துன்பத்தைக் காட்டி அவனை விடுவிக்க முடியவில்லை.

இந்த இரண்டு எஜமானர்களுக்கும் வேலை செய்த கைகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேதப் புத்தகத்தோடு திரியும் கிழட்டு வேலைக்காரன் ஜோசப், ஹிண்ட்லியிடம் பிள்ளைகளைப்பற்றிக் கோள் சொல்லி அடி வாங்கித் தருகிறான்; ஹீத்கிளிஃப் காலத்திலும் அதே அடுப்போரத்தில் அதே பிரசங்கத்தோடு இருக்கிறான். ஹேர்ட்டன் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டே, இதற்கு ஹீத்கிளிஃப் கடவுளிடம் பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறான். கதை சொல்லும் நெல்லிகூட, வந்த முதல் இரவில் பையனை மாடிப்படித் திருப்பத்தில் படுக்கப் போட்டு, காலையில் தொலைந்து போயிருக்கட்டும் என்று நினைத்தவள். கதையின் பல திருப்பங்களில் அவள் சொல்லாமல் விட்டதும், தாமதமாகச் சொன்னதும் யாரையோ தள்ளிவிடுகின்றன. எஜமான் மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. வீட்டை நடத்துபவர்கள் இவர்கள்தான்.

இரண்டு அதிகாரங்களும் சந்திக்கும் இடம் ஹேர்ட்டன். வாசல் கதவுக்கு மேலே கல்லில் 1500 என்ற ஆண்டும் ஹேர்ட்டன் எர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கியிருக்கின்றன. மூதாதையின் பெயரைத் தாங்கிய பையன், தினமும் அதன் கீழே நுழைந்து வருபவன், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஏதோ பாழாய்ப்போன எழுத்து, படிக்க வராது என்கிறான். பின்பு யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் பழகி, அந்தப் பெயரை வாசித்துக் காட்டுகிறான். எண்களைப் படிக்கத் தெரியவில்லை. கேத்தி சிரிக்கிறாள். ஹிண்ட்லி ஹீத்கிளிஃப்புக்குச் செய்ததைவிட ஹீத்கிளிஃப் இவனுக்குச் செய்தது முழுமையானது என்பது இங்கே தெரிகிறது. ஹீத்கிளிஃப்பிடமிருந்து பாடம் பறிக்கப்பட்டபோது தன்னிடமிருந்து என்ன போகிறது என்று அவனுக்குத் தெரியும். கேத்தரின் தான் படித்ததைக் கொஞ்ச காலம் அவனுக்குச் சொல்லித் தரவும் செய்தாள். ஹேர்ட்டனுக்கு இழந்தது என்ன என்றே தெரியாதபடி ஹீத்கிளிஃப் பார்த்துக்கொண்டான். அதோடு நிற்காமல், பெற்ற தகப்பனைத் திட்டப் பழக்கி, தன்மேல் பாசம் வைக்கவும் செய்துவிட்டான். ஹீத்கிளிஃப்பைப்பற்றி யாராவது தவறாகப் பேசினால் ஹேர்ட்டனுக்குப் பொறுக்காது. ஹீத்கிளிஃப் இறந்த இரவு, பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விடியவிடிய அழுதவன் அவன் ஒருவன்தான். ஹிண்ட்லிக்குக் கிடைத்தது வெறுப்பு. ஹீத்கிளிஃப்புக்கு அடிமையின் அன்பே கிடைத்தது.

அப்படியும் அந்த மரம் ஹீத்கிளிஃப் எதிர்பார்த்தபடி கோணவில்லை. கேத்தியின் அன்பு அவனை மாற்றியது என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. அவள் முதலில் அவனைக் கேலி செய்தவள். படிப்பை வைத்து அவனைக் குத்தியவள். அந்த அவமானத்தில் அவன் சேர்த்துவைத்த புத்தகங்களை நெருப்பில் எறிந்தான். சொத்தும் சுதந்திரமும் பறிபோன வீட்டில் கேத்தியிடம் மிச்சமிருந்த ஒரே மேலாண்மை எழுத்தறிவு. அதையும் ஆயுதமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்து, ஒரு புத்தகத்தைத் தாளில் சுற்றி அவன் பெயரெழுதி நெல்லியிடம் கொடுத்தனுப்பி, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பாடம் தொடங்குகிறது. நாவலில் தன்னிடமிருந்த அதிகாரத்தைத் தானாக விட்டுக்கொடுக்கும் முதல் ஆள் அவள். ஹிண்ட்லி குடியில் இழந்தான். ஹீத்கிளிஃப் சலித்துப்போய்க் கைவிட்டான். இரண்டு குடும்பங்களையும் இடிக்க எல்லாம் தயாராக இருக்கும் நேரத்தில், இடிப்பதில் இருந்த ருசி போய்விட்டது என்று அவனே சொல்கிறான். ஹேர்ட்டனின் முகத்தில் தன் இளமையைப் பார்த்ததும் ஓங்கிய கை இறங்கிவிடுகிறது. மனம் திருந்தியதாக அவன் எங்கும் சொல்லவில்லை. செய்ததில் எதையும் அநியாயம் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை.

1802-இல் ஹீத்கிளிஃப் இறக்கிறான். பழைய குடும்பத்துக்குச் சொத்து திரும்பியதற்காக ஜோசப் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். 1803 புத்தாண்டு நாளில் கேத்திக்கும் ஹேர்ட்டனுக்கும் கல்யாணம் என்று முடிவாகிறது. வாசகருக்கு நிம்மதியாக இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் அந்தக் கல்யாண நாளில் கேத்தியின் அசையும் சொத்து மறுபடியும் கணவனுடையதாகிவிடும். முதல் திருமணத்தில் அவளைத் தெருவில் நிறுத்திய அதே சட்டம் இரண்டாம் திருமணத்திலும் அப்படியே இருக்கிறது. ஹிண்ட்லிக்கு நிலம் கொடுத்த வாரிசுரிமையும் இருக்கிறது, ஹீத்கிளிஃப்புக்குப் பண்ணைகளைக் கொடுத்த அடமானமும் கணவன் உரிமையும் இருக்கின்றன. இம்முறை அவை நல்லவன் ஒருவன் கைக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஹேர்ட்டன் நாளைக்குக் குடிக்கத் தொடங்கினாலோ சூதாடினாலோ கேத்திக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எமிலி பிராண்டே இதை எங்கும் விளக்கி எழுதவில்லை. ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்யும் என்று முன்னூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் காட்டிவிட்டு, அதைத் தொடாமலே கதையை முடித்திருக்கிறார்.

அவர் 1848 டிசம்பர் 19 அன்று, 30 வயதில், காசநோயில் இறந்தார். மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்தது 1870-இல். தன் சொத்து முழுவதையும் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு வந்தது 1882-இல்.